மைனஸ் 10-ல் ஸ்போர்ட்ஸ் கார்: மலை ஏறும் முன்பும் இறங்கிய பின்பும்

30 டிகிரியில் இருப்பதைவிட மைனஸ் 10-ல் காற்று ஏறக்குறைய 15 சதவீதம் அடர்த்தி கூடியிருக்கும். எஞ்சின் துள்ளிக்கொண்டு இழுக்கும். அதே குளிரில் டயர் கட்டை தட்டிப்போகும். பனிச்சாலையில் ஸ்போர்ட்ஸ் கார்கள் சறுக்குவதற்கு இதுதான் முதல் காரணம்.

கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். டயர் புத்தம் புதிதாக இருந்தாலும் இதே கதைதான். மைனஸ் 7-ஐ ஒட்டிய குளிரில், ட்ராக் ஓட்டத்துக்கென்று செய்த டயர்கள் விரிசலே விடக்கூடும். அப்போது வண்டியை ஷெட்டிலிருந்து நகர்த்தவே கூடாது. பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் பனித்துகளும் பொறித்த விண்டர் டயரை நான்கு சக்கரத்திலும் மாட்டுங்கள். பின்சக்கர டிரைவ்தானே என்று பின்னால் மட்டும் மாட்டினால், திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் மூக்கு நேராகவே போகும். ரிம் ஒரு அங்குலம் சிறிதாக, டயர் சற்றே குறுகலாக இருப்பது நல்லது. ஆனால் இந்தக் கார்களின் பிரேக் காலிப்பர், அதாவது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாகம், பெரியது. நட்டுகளை முறுக்கியதும், ஜாக்கியை இறக்கும் முன் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது உரசினால் அந்த ரிம் வேண்டாம்.

வெப்பம் 5.5 டிகிரி குறைந்தால் டயரின் காற்றழுத்தம் சுமார் ஒரு பிஎஸ்ஐ (அழுத்த அளவு) குறையும். 20 டிகிரி கராஜில் காற்று பிடித்து மைனஸ் 10-க்கு வந்தால் 5 பிஎஸ்ஐ போயிருக்கும். இரவு வெளியே நின்ற வண்டியில், காலையில் எடுக்கும் முன் அளப்பதே சரி.

ஸ்டார்ட் செய்துவிட்டு அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே ஐடிலில் ஓடவிடாதீர்கள். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் போகும் பெட்ரோல், சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கும். ஒரு நிமிடம் போதும், பிறகு மெதுவாகக் கிளம்பலாம். பலரும் ஏமாறுவது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்து. முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடாகப் பத்து நிமிடம் ஆகலாம். ஆயில் 80 டிகிரியைத் தொடும்வரை எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு 3,000-ஐ (ஆர்பிஎம்) தாண்ட வேண்டாம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் சுழல்கிறது. கெட்டியான ஆயில் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். கியர் இரண்டாவதுக்கு விழ முரண்டு பிடித்தாலும் அடித்துத் தள்ளாதீர்கள், அதுவும் ஆயில் கெட்டித்ததுதான்.

மலைச்சாலையில் மைனஸ் 20-ஐவிட பூஜ்ஜியத்தை ஒட்டிய பனிக்கட்டியே ஆபத்து. மேலே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். மண் சூடு எட்டாத பாலங்கள் முதலில் உறையும். இறக்கத்தில், ஆக்சிலரேட்டரைத் தட்டி ஆர்பிஎம்மைச் சக்கர வேகத்தோடு சமன் செய்யாமல் கியரைக் குறைத்தால், பிரேக்கைத் தொடாமலே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இரவு நிறுத்தும்போது, சமதளமாக இருந்தால் ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு, முதல் கியரில் போட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால், ஈரமான பிரேக் பேட் டிஸ்க்கோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். சட்டம் இல்லாத கண்ணாடிக் கதவைத் திறக்கும்போது கண்ணாடி சில மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். ரப்பரோடு உறைந்திருந்தால் இறங்காது. அப்போது கதவை இழுத்தால் கண்ணாடியோ மோட்டாரோ போகும். முந்தைய நாளே ரப்பரைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். கூலன்ட் பாதி தண்ணீர், பாதி எத்திலீன் கிளைக்கால் கலவையாக இருந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். தண்ணீர் கலக்காத சுத்த எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும்.

திரும்பியதும் அடிப்பக்கத்தில் ஒட்டிய சாலை உப்பை அன்றே கழுவ வேண்டும். கழுவாமல் சூடான கராஜில் ஏற்றினால், வெளிக்குளிரில் நின்றதைவிட வேகமாகத் துரு பிடிக்கும்.