வேர்முடிச்சின் நிறம்

இன்று வேளாண் செய்முறை வகுப்பில் மாணவி ஒருத்தி பயறுச் செடியொன்றை வேரோடு பெயர்த்து, மண்ணை உதறிவிட்டு, வேரில் கடுகளவு திரண்டிருந்த முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினாள்.

உள்ளே இளஞ்சிவப்பு.

"செடிக்கும் இரத்தம் உண்டா, டீச்சர்?"

அந்த நிறத்தைத் தரும் லெக்ஹீமோகுளோபின் நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவுப் புரதம் என்றும், காற்றில் 78 விழுக்காடு இருக்கும் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித்தரும் ரைசோபியம் நுண்ணுயிர்கள் அங்கே உயிர்ப்போடு இயங்குவதற்கு அதுவே அடையாளம் என்றும் சொன்னேன்.

சென்ற மாதம் இதே பாடத்தைக் கரும்பலகையில் நடத்தியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மதிப்பெண் குறைந்தவர்களுக்கான பிரிவு என்று வேளாண்மையை ஒதுக்குவோரை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. வேதியியலும் உயிரியலும் ஒரே வேரில் கைக்குக் கிடைக்கும் வகுப்பு வேறு எது?

மணி அடித்தபின்னும் அவள் எழவில்லை. அடுத்த செடியின் வேரைக் கீறிக்கொண்டிருந்தாள்.