கெர்னல் மாற்றிய பிறகு டெர்மினல் அவ்வப்போது பிழை காட்டினால்

சனிக்கிழமை இரவு லினக்ஸ் சர்வருக்கு பேட்ச் போட்டு, புதுக் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ரீபூட் செய்தாயிற்று. திங்கள் காலை ஓஎம்ஆரிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் டீம் லாகின் செய்ததும் புகார் வரத் தொடங்கும்: ஸ்கிரிப்ட் ஓடும்போது டெர்மினலில் பாதி வரி காணோம், ஒரு முறை பிழை வருகிறது, மறுமுறை ஓட்டினால் சரியாக ஓடுகிறது. உடனே பழைய கெர்னலுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றும். திரும்புவதில் தவறில்லை, ஆனால் அதற்கு முன் பிழைச் செய்தியை எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். "டெர்மினல் எரர்" என்று டிக்கெட்டில் எழுதினால் யாராலும் உதவ முடியாது. ஒவ்வொரு செய்திக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு.

அதிகம் வருவது "ரிசோர்ஸ் டெம்பரரிலி அனவெய்லபிள்". கெர்னல் திருப்பித் தரும் ஈ-அகெய்ன் என்ற பிழை இது. சாதாரணமாக டெர்மினலின் பஃபர் (எழுதியவை காத்திருக்கும் தற்காலிக இடம்) நிரம்பிவிட்டால், எழுதும் ப்ராசஸ் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும். ஆனால் அந்த டெர்மினலில் நான்-பிளாக்கிங் ஃபிளாக் போடப்பட்டிருந்தால் கெர்னல் காக்க வைக்காது, பிழையோடு திருப்பி அனுப்பிவிடும். நிறைய நிரல்கள் இந்த நிலைமையை எதிர்பார்த்து எழுதப்பட்டவை அல்ல. சில நிரல்கள் பிழை சொல்லி நிற்கும். ரைட் அழைப்பு எத்தனை பைட் எழுதியது என்று பார்க்காத நிரல்களோ மீதியை விட்டுவிட்டு மேலே போய்விடும். வரியின் நடுவில் எழுத்துகள் காணாமல் போவது இப்படித்தான்.

ஃபிளாக் போடுவது ஒரு நிரல், அடி வாங்குவது வேறொரு நிரல் என்பதால் பலரும் இங்கே குழம்பிப்போகிறார்கள். ஷெல், அது தொடங்கிய ஸ்கிரிப்ட், ஸ்கிரிப்ட் தொடங்கிய நிரல்கள் எல்லாம் கெர்னலுக்குள் ஒரே திறப்புப் பதிவை (டெர்மினலைத் திறந்தபோது கெர்னல் வைத்துக்கொண்ட குறிப்பு) பகிர்ந்துகொள்கின்றன. அதில் யார் நான்-பிளாக்கிங் போட்டாலும் எல்லோருக்கும் பொருந்தும். போட்டவர் வெளியேறும்போது பழையபடி மாற்றாமல் போனால், அல்லது கில் மைனஸ் 9-ல் சாகடிக்கப்பட்டால், ஃபிளாக் அப்படியே நின்றுவிடும்.

அப்படியானால் கெர்னல் மாற்றியதும் ஏன் தலைகாட்டுகிறது? பஃபர் நிரம்பினால்தான் பிழை வரும். எழுதுபவர் எவ்வளவு வேகம், எடுப்பவர் எவ்வளவு வேகம் என்பதைப் பொறுத்தது அது. லினக்ஸ் 6.6-ல், எந்த நிரல் எப்போது ஓட வேண்டும் என்று முடிவுசெய்யும் ப்ராசஸ் ஷெட்யூலரே சிஎஃப்எஸ்-இலிருந்து ஈஈவிடிஎஃப்-க்கு மாறியது. அந்த அளவு மாற்றத்தில் யார் எப்போது ஓடுகிறார் என்ற ஒழுங்கு மாறினாலே, நெடுநாளாக ஒளிந்திருந்த பிழை வெளியே வந்துவிடும். ஒரு நிரலின் அவுட்புட்டை இன்னொரு நிரலுக்குக் கொடுக்கும் பைப்பிலும் இதே கதைதான்; அதன் கொள்ளளவு சாதாரணமாக 65,536 பைட். அதற்குக் குறைவாக அவுட்புட் தரும் வேலை பைப்பில் பிசகாமல் ஓடும், பெரிய பில்ட் லாக் மட்டும் பிழையில் மாட்டும்.

சந்தேகத்தை உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. பிழை வரும் கட்டளையின் ஸ்டாண்டர்ட் எரரை (பிழைச் செய்திகள் போகும் வழி) ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டு ஓட்டுங்கள். ஓடும்போது கண்ட்ரோல்-எஸ் அழுத்தி டெர்மினலை நிறுத்துங்கள். ஃபிளாக் இல்லையென்றால் நிரல் பொறுமையாக நிற்கும், கண்ட்ரோல்-க்யூ அழுத்தியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஃபிளாக் இருந்தால் கண்ட்ரோல்-எஸ் அழுத்திய கணத்திலேயே பிழை ஃபைலில் விழும். எரரைத் திருப்பாமல் விட்டால், பிழைச் செய்தியும் அதே அடைபட்ட டெர்மினலுக்குப் போக முயன்று தொலைந்துபோகும்.

நேரடியாகவும் பார்க்கலாம். இன்னொரு ஜன்னலில் ப்ராசஸ் எண்ணைக் கண்டுபிடித்து, ப்ராக் ஃபோல்டருக்குள் அந்த எண், அதற்குள் எஃப்டி-இன்ஃபோ, அதற்குள் 1 (ஸ்டாண்டர்ட் அவுட்புட்) என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள் (/proc/எண்/fdinfo/1). ஃபிளாக்ஸ் என்ற வரியில் எட்டடிமான (ஆக்டல்) எண் இருக்கும். வலமிருந்து நான்காவது இலக்கம் 4 அல்லது 6 என்றால் நான்-பிளாக்கிங். 0100002 நலம், 0104002 பிரச்சினை. பிழை வரும் நேரத்திலேயே பார்க்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் ஷெல் அதைச் சரிசெய்திருக்கக்கூடும்.

தீர்வு என்று பலர் செய்வது, பாதிக்கப்பட்ட நிரலின் பின்னால் ஒரு பைப் போட்டு, வந்ததை அப்படியே எழுதும் கேட் (cat) கட்டளையைச் சேர்ப்பது. இது உதவாது. இப்போது கேட் அதே டெர்மினலில் எழுதி அதே பிழையை வாங்கும். ஃபிளாக் போடும் நிரலைத்தான் தனிமைப்படுத்த வேண்டும்: அதன் இன்புட்டை எப்போதும் காலியான டெவ்-நல்லில் இருந்து கொடுத்து, அவுட்புட், எரர் இரண்டையும் பைப் வழியே கேட்டுக்கு அனுப்புங்கள். அப்போது அது எதைத் தொட்டாலும் டெர்மினலின் பதிவைத் தொடாது. யார் போடுகிறார் என்று தெரியாவிட்டால், நிரல் கெர்னலை அழைப்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸை (strace) மைனஸ் எஃப் சேர்த்து ஓட்டி, எஃப்கன்ட்ரோல் (fcntl) அழைப்புகளை மட்டும் வடிகட்டினால் பெரும்பாலும் ஆள் சிக்கிவிடுவார். அவசரத்துக்கு, ஸ்கிரிப்ட்டில் முக்கியமான இடத்துக்கு முன்னால் பைத்தானின் ஓஎஸ் மாட்யூலில் உள்ள செட்-பிளாக்கிங்கை 1, ட்ரூ என்ற மதிப்புகளோடு அழைக்கலாம். பைத்தான் 3.5 முதல் அது இருக்கிறது.

"இன்வாலிட் ஆர்க்யூமென்ட்" வந்தால் கதை வேறு. இங்கே உண்மையாகவே கெர்னல் காரணமாக இருக்கலாம். 2020 டிசம்பரில் வந்த லினக்ஸ் 5.10-ல், தரவை நிரல் வழியே போகாமல் கெர்னலுக்குள்ளேயே நகர்த்தும் ஸ்ப்ளைஸ் வசதியைத் தானே வெளிப்படையாகத் தராத டிரைவர்களுக்குக் கெர்னல் கொடுத்துவந்த பொது மாற்றுவழி நீக்கப்பட்டது. கெர்னலில் டெர்மினல்களைக் கவனிக்கும் டிடிஒய் அடுக்கில் அந்த வசதி அப்போது இல்லை. அதனால் சென்ட்ஃபைல், ஸ்ப்ளைஸ் வழியே டெர்மினலில் எழுதிய நிரல்கள் முறிந்தன, ஃபைலுக்குத் திருப்பினால் மட்டும் ஓடின. 2021 ஜனவரியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், டிடிஒய்-யை ஸ்ப்ளைஸுக்கு ஒத்துப்போகும் ரைட்-ஐட்டர் முறைக்கு மாற்றி இதைச் சரிசெய்தார். பழைய 5.10 கெர்னலோடு வந்த எம்பெடெட் போர்டுகளில் இது இன்னும் எதிர்ப்படலாம். யூநேம் மைனஸ் ஆர் (uname -r) போட்டுக் கெர்னல் எண்ணைப் பாருங்கள், 5.10-இன் ஆரம்ப வெளியீடு என்றால் அதே வரிசையின் புதியதற்கு மாறிவிடுங்கள்.

"இன்புட் அவுட்புட் எரர்" என்றால் பெரும்பாலும் டெர்மினலே போய்விட்டது: எஸ்எஸ்ஹெச் அறுந்து, ஹேங்-அப் சிக்னலைப் புறக்கணித்த நிரல் மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறது. இணைப்பு போனாலும் சர்வரில் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் (tmux) ஓட்டுங்கள், கரண்ட் போய் உங்கள் பக்கத்து ரவுட்டர் அணைந்தாலும் வேலை நிற்காது.

பிழைச் செய்தியே இல்லாமல் திரை மட்டும் கலைந்தால், அது எஸ்எஸ்ஹெச்சிலும் நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். நேரடிக் கன்சோலில் மட்டும் என்றால் கெர்னல் செய்திகள் மேலே விழுகின்றன. அப்கிரேடில் க்ரப் (கெர்னலை பூட் செய்யும் நிரல்) அமைப்பு மாறி, இச்செய்திகளைக் குறைக்கும் க்வயட் என்ற சொல் விடுபட்டிருக்கலாம். டிமெசேஜ் மைனஸ் என் 4 (dmesg -n 4) என்று கொடுத்தால் பிழைகளும் அதைவிடக் கடுமையானவையும் மட்டுமே திரைக்கு வரும். கலைந்த திரையை கண்ட்ரோல்-எல் மீண்டும் வரையும்.

சீரியல் கன்சோலில் குப்பை எழுத்து வந்தால் கெர்னல் எந்த அமைப்போடு பூட் ஆனது என்று காட்டும், ப்ராக்கில் உள்ள சிஎம்டி-லைன் ஃபைலை (/proc/cmdline) படியுங்கள். கன்சோல் அமைப்பில் 115200 என்ற வேகம் இருந்தது காணாமல் போயிருந்தால், இரு முனைகளும் வேறு வேகத்தில் பேசுகின்றன. வேகம் சரியாக இருந்தும் குப்பை என்றால் கேபிளைப் பாருங்கள். ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி டிடிஎல் அடாப்டர் 3.3 அல்லது 5 வோல்ட்டுக்கானது. சர்வரின் 9 பின் போர்ட் ஆர்எஸ்-232, அதில் சிக்னல் நேர், எதிர் இரண்டு பக்கமும் 15 வோல்ட் வரை போகலாம், தர்க்க நிலையும் தலைகீழ். இரண்டையும் நேரடியாக இணைத்தால் குப்பையோடு அடாப்டரும் போய்விடும். கடையில் ஆர்எஸ்-232 என்று கேட்டு, 9 பின் கனெக்டர் உள்ளதை வாங்குங்கள்.

இவை எதிலும் பிடிபடாவிட்டால், க்ரப்பின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து பூட் செய்து, அதே கட்டளையை அதே அளவு அவுட்புட்டோடு ஓட்டுங்கள். பழையதில் வராமல் புதியதில் மட்டும் வந்தால், இரண்டு கெர்னல்களின் முழு எண், பிழை வந்த எஸ்ட்ரேஸ் வரி, ஃபிளாக்ஸ் எண் ஆகியவற்றை உங்கள் டிஸ்ட்ரோவின் பக் டிராக்கரில் பதிவுசெய்யுங்கள்.