அம்மாவின் கையெழுத்தை நூலில் எழுதிப் பார்க்கிறேன்

அம்மா போய் ஏழு மாதம் கழித்து, ஒரு பழைய டைரியிலிருந்து துண்டுச் சீட்டு ஒன்று விழுந்தது. நான் பள்ளியில் படிக்கும்போது எழுதி வைத்துவிட்டுப் போனது. "வேலை முடிய நேரமாகும். சாவி எதிர்வீட்டில் இருக்கு. சாப்பிட்டுட்டு படு. அம்மா." ஒன்பதே சொல். திரும்ப டைரிக்குள் வைக்க மனசு வரவில்லை. கையிலேயே வைத்திருந்தால் மடிப்பில் கிழிந்துவிடும். துணியில் தைத்து வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது அப்போதுதான். எம்பிராய்டரி எனக்குப் புதிது. அதுவரை அறுந்த பொத்தானைத் தைத்ததோடு சரி.

இன்றோடு ஆறு வாரம். இதே மாதிரி ஒரு சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் வாரம்

சீட்டைத் தொடாமல், ஒன்றரை மடங்கு பெரிதாக்கி நகல் எடுத்துக்கொண்டேன். பகல் வெளிச்சத்தில் நகலை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே வெள்ளைப் பருத்தித் துணியை விரித்து, தண்ணீரில் அழியும் பேனாவால் வரைந்தேன். சுருக்கம் போகட்டும் என்று அதன் மேலேயே இஸ்திரி போட்டது தப்பு. அந்தப் பேனா மை சூடு பட்டால் துணியில் பிடித்துக்கொள்கிறது. எத்தனை முறை அலசியும் கோடு போகவில்லை. அன்று அழுதேன். அழுதது துணிக்காக இல்லை. அடுத்த துணியை முதலில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு, அதற்குப் பிறகுதான் வரைந்தேன்.

இரண்டு, மூன்றாம் வாரம்

எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். அதில் இரண்டு போதும். இரண்டையும் சேர்த்து உருவினால் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றாக உருவி, பிறகு சேர்க்க வேண்டும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை நீளம் எடுத்தால் சரியாக இருக்கிறது. அதற்கு மேல் போனால் முடிச்சு விழுகிறது.

பேக் ஸ்டிச்சில், அதாவது ஒவ்வொரு தையலும் பின்னால் வந்து முந்தையதன் நுனியைத் தொடும் தையலில், ஆரம்பித்தேன். நேர்கோடு வரை நன்றாக வந்தது. "இருக்கு"வில் இ வந்ததும் வளைவெல்லாம் மூலை மூலையாக நின்றது. பிரித்துவிட்டு, தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறிக் கயிறு மாதிரி வரும் ஸ்டெம் ஸ்டிச்சுக்கு மாறினேன். ஒரு தையல் மூன்று மில்லிமீட்டர், வளைவில் இரண்டு. நூலை எப்போதும் கோட்டுக்கு ஒரே பக்கமாகத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தையலில் பக்கம் மாறினாலும் கயிறு முறுக்கு விட்டுப்போன மாதிரி தெரியும். நம் எழுத்துக்கு ஸ்டெம் ஸ்டிச்தான் பொருத்தம் என்பது என் முடிவு. தமிழ் எழுத்தில் நேர்கோட்டை விடச் சுழிதான் அதிகம்.

அதை விட முக்கியமான ஒன்று இந்த வாரங்களில் நடந்தது. ஊசி பேனா போன வழியிலேயே போனால்தான் எழுத்து அம்மாவுடையதாக வருகிறது. அதற்கு அம்மா எங்கே தொடங்கினார், எங்கே கையை எடுத்தார் என்று பார்த்தாக வேண்டும். அவர் எழுதக் கற்றது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு. "வேலை"யில் வருவது அந்தக் காலத்துத் துதிக்கை லை, இப்போதைய ஐகாரக் குறிக்குப் பதில் யானைத் துதிக்கை மாதிரி வளைவு சேர்ந்தது. அந்த ஒரு எழுத்தைத் தைக்க இரண்டு சாயங்காலம் ஆனது. துதிக்கையின் வளைவு ல-வின் மேல் இறங்கும் இடத்தில் கோடு கொஞ்சம் தடித்திருக்கிறது. அங்கே ஒரு நொடி கை நின்றிருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டே எழுதியிருப்பாரோ, என்னவோ. இத்தனை வருடத்தில் அம்மாவின் கை அசைவை இவ்வளவு கூர்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்கள்தான் அதுவரை கண்ணுக்குள் நின்றன. தைக்கும்போது அவை வராமல் இல்லை. வருகின்றன, ஆனால் அடுத்த தையலை எங்கே குத்துவது என்ற கேள்வி பக்கத்திலேயே இருப்பதால் கூடவே உட்கார முடிகிறது.

நான்காம் வாரம்

இது எனக்கு மட்டும்தானா என்று தேடிப் படித்தேன். டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழு 39 பேருக்குக் களிமண், மார்க்கர், ஒட்டுப்படத் தாள்கள் எல்லாம் கொடுத்து 45 நிமிடம் விருப்பப்படி எதையாவது செய்யச் சொல்லியிருக்கிறது. முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அளவு குறைந்தது. முன் அனுபவம் இருந்தவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. 2016இல் வெளிவந்த ஆய்வு. சிறியது, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது அந்த மீதிக் கால்வாசிப் பேர்தான். சில நாள் தைத்து முடித்ததும் நெஞ்சு இன்னும் கனக்கிறது. அந்த நாட்களில் என்னிடம் ஏதோ கோளாறு என்று இனி நினைக்க மாட்டேன்.

ஆக்னஸ் ரிக்டர் என்ற ஜெர்மன் தையல்காரரைப் பற்றியும் படித்தேன். மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, 1895 வாக்கில், அங்கே கிடைத்த துணியில் தனக்கொரு மேல்சட்டை தைத்து, உள்ளும் புறமும் நூலாலேயே எழுதியிருக்கிறார். இப்போது அது ஹைடல்பெர்க்கில், மனநலக் காப்பகங்களில் இருந்தவர்களின் படைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் பிரின்ஸ்ஹார்ன் தொகுப்பில் இருக்கிறது. பல வரிகளை இன்று யாராலும் படிக்க முடியவில்லை. படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்போடு ஒட்டிக் கிடக்கும் உள்பக்கத்தில் அவர் எழுதியது, யாரும் படிக்க வேண்டும் என்பதற்காக இருக்காது.

ஐந்தாம் வாரம்

ஒரு நாளும் ஊசியைத் தொடவில்லை. அம்மாவின் பிறந்தநாள் இந்த வாரத்தில் வந்தது.

ஆறாம் வாரம்

எட்டுச் சொல் முடிந்துவிட்டது. சொல்லுக்குச் சொல் நூலைத் துணியின் பின்னால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அடர் நீலம் வெள்ளைத் துணியில் நிழல் மாதிரி தெரிந்துவிடும். ஒவ்வொரு சொல்லையும் முடித்து, நூல் நுனியைத் தையலுக்கு அடியில் நுழைத்து வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது.

இப்போது மெய்யெழுத்துகளின் மேல் வரும் புள்ளிகள். சீட்டில் மொத்தம் ஒன்பது புள்ளி வர வேண்டும். அவசரத்தில் அம்மா வைத்தது மூன்றுதான். "எதிர்வீட்டில்" என்ற சொல்லில் ஒன்றுகூட இல்லை. விட்டதை நான் நிரப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதுவது சாதாரணம். படிப்பவர் தானே போட்டுப் படித்துக்கொண்டார்கள். அன்று நானும் அப்படித்தான் படித்து, சாவியை வாங்கிக் கதவைத் திறந்தேன். அதனால் ஆறு இடமும் காலியாகவே இருக்கும்.

அவர் வைத்த மூன்றில் இரண்டுக்கு பிரெஞ்ச் நாட் என்ற குட்டி முடிச்சு போட்டாகிவிட்டது. நூலை ஊசியில் இரண்டு சுற்று சுற்றி, வெளியே வந்த ஓட்டைக்குத் துணியில் ஒரு இழை தள்ளிக் குத்த வேண்டும். அதே ஓட்டையில் குத்தினால் முடிச்சு பின்னால் போய்விடும்.

மூன்றாவது புள்ளி "அம்மா"வில் இருக்கிறது. மற்ற இடத்திலெல்லாம் ஓடிய பேனா அங்கே அழுந்தி, காகிதத்தில் சின்னதாக ஓட்டையே விழுந்திருக்கிறது. அந்த முடிச்சுக்கு மட்டும் மூன்று இழை எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை வெளிச்சத்தில் உட்கார வேண்டும்.