டப்பாவுக்குள் பாலக்காட்டுக் காற்று

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்த புதிதில் பார்த்தவர்கள் எல்லாம் கேட்டது, "நாடு எவிடெயா?" மலையாளத்தில் நாடு என்றால் சொந்த ஊர். கும்பகோணம் என்பேன். உடனே பேச்சு தமிழுக்கு வந்துவிடும். சித்தூர் தாலுகாவின் இந்த எல்லைப்பக்கம் வீட்டுக்கு வீடு தமிழ் புழங்குகிறது. ஆனாலும் பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. அதுவரை வேறு தேசத்தில் இருப்பதுபோலத்தான் இருந்தது.

கஞ்சிக்கோட்டில் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் பனைகளைப் படமெடுக்கத் தொடங்கினேன். இங்கே கரிம்பனை என்கிறார்கள். செங்கல் சூளைக்கு எத்தனையோ போய்விட்டன, மிச்சம் வரப்புகளில் நிற்கின்றன. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலைத்தொடர் 30 கிலோமீட்டருக்கு மேல் விட்டுக் கிடக்கிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று அந்த வாசலில்தான் பாய்கிறது. அப்படி ஒரு நாள் ட்ரைபாடோடு என் கேமராவைக் கல்லில் சாய்த்துவிட்டது. லென்ஸ் போயிற்று. புதிது வாங்கக் கையில் பணமில்லை.

ரிப்பேர் ஆகுமா என்று கேட்கப்போன பழைய ஸ்டுடியோவில்தான் ஏட்டனைப் பார்த்தேன். மலையாளத்தில் ஏட்டன் என்றால் அண்ணன். ஊரே அவரை அப்படித்தான் அழைத்தது, நானும் அப்படியே கூப்பிட்டேன். கேமராவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போகட்டும் தம்பி, டப்பா இருக்கில்ல?" என்றார். உள்ளேபோய் ஒரு பால்மாவு டப்பாவையும், காலாவதியாகி வருஷக்கணக்கான போட்டோ பேப்பர் பெட்டியையும் எடுத்துவந்தார்.

டப்பாவையே ஊசித்துளை கேமரா ஆக்கினோம். உள்பக்கம் கறுப்புப் பெயின்ட். பக்கவாட்டில் ஆணி ஓட்டை. அதன்மேல் குளிர்பானக் கேனிலிருந்து வெட்டிய தகடு, அதில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. துளையை மூட இன்சுலேஷன் டேப். அதை உரித்தால் ஷட்டர் திறந்ததாகக் கணக்கு. லென்ஸே கிடையாது. எதிர்ச் சுவரில் வளைத்துவைத்த பேப்பரில் உலகம் தலைகீழாக விழும். ஒரு டப்பாவுக்கு ஒரு படம்தான் என்பதால் ஐந்து செய்தோம். காற்றில் அசையாதிருக்க ஒவ்வொன்றையும் சைக்கிள் ட்யூபால் செங்கல்லோடு கட்டினோம்.

ஒரு படத்துக்கு 90 எண்ண வேண்டும். கடிகாரம் பார்க்க ஏட்டன் விடமாட்டார், வாய்விட்டு எண்ணுவார். நடுவில் வெயில் மங்கினால், "மேகம் வந்தாச்சு, இருபது கூட்டிக்கோ" என்பார். பாதி பேப்பர் வீணாயிற்று. தேறியவற்றில் ஓரமெல்லாம் சாம்பல் படிந்தமாதிரி இருந்தது.

சிவப்பு விளக்கடியில் டெவலப்பர் கரைசலில் கிடந்த முதல் படத்தை நான் மறக்கவே மாட்டேன். மெல்ல மெல்ல ஒரு மரம் தெரிந்தது. தண்டு கோடு போட்டதுபோல் நின்றது. கொண்டை மட்டும் புகையாகக் கலைந்திருந்தது. வரப்பு வில்லாக வளைந்திருந்தது. பழைய கேமராவில் நூற்றுக்கணக்கில் எடுத்தும் சிக்காத காற்று இதில் இருந்தது. "பாலக்காட்டுக் காத்து இதான்" என்றார் ஏட்டன். அதுவரை எடுக்க நினைத்திருந்த படத்தொடரை அன்றே விட்டுவிட்டேன். பனையும் காற்றும் மட்டும் என்று முடிவானது. மூன்று மாதத்தில் 17 படங்கள் தேறின.

பெட்டியில் கடைசி பேப்பரை ஏட்டனுக்கென்று ஒதுக்கினேன். கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து டேப்பை உரித்தேன். பழக்கதோஷத்தில் அவரே எண்ணத் தொடங்கிவிட்டார், நான் தடுக்கவில்லை. படத்தில் செருப்பும் வேட்டிக் கரையும் மடியில் வைத்த டப்பாவும் தெளிவாக இருக்கின்றன. வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெண்படலம்; தொண்ணூறு வரை எண்ணியது அது.