காலித் துப்பாக்கி கற்றுத் தந்தது

காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்த நான்காம் ஆண்டு, வருடாந்திரத் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போயிருந்தேன். 25 மீட்டரில் இலக்கு. பத்து ரவுண்டு (தோட்டா) சுட்டதில் அட்டையில் நான்கு ஓட்டைதான். நான்கும் இடது ஓரம், கீழே. கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயுதப்படையிலிருந்து வந்திருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் (எஸ்.எஸ்.ஐ.) ஒருவர், தோட்டாக்களை அடுக்கும் என் மேகசினை வாங்கி, திரும்பி நின்று அவரே நிரப்பிக் கொடுத்தார். "சுடுங்கம்மா." இரண்டு ரவுண்டு வெடித்தது. மூன்றாவதுக்கு 'டிக்' என்று மட்டும் சத்தம். எதுவும் வெடிக்கவில்லை, ஆனாலும் என் கை துப்பாக்கி முனையை வெடுக்கென்று தரைப்பக்கம் அமுக்கியிருந்தது. நடுவே வெடிக்காத டம்மி ரவுண்டு ஒன்றை வைத்திருக்கிறார். "கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. வெடிக்கப் போகுதுன்னு கைதான் முந்திக்கிட்டுப் பயப்படுது."

9 எம்.எம். பிஸ்டலில் குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறக்குறைய 16 செ.மீ.தான். முன் சைட் 1 மி.மீ. விலகினாலே 25 மீட்டரில் குண்டு சுமார் 15 செ.மீ. தள்ளிப் போய்விடும். பேருந்து நிலையத்தில் சுட நேர்ந்தால் அந்த 15 செ.மீ.யில் யார் நின்றிருப்பார்கள்? அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை சுட்டுவிட்டு வருவதால் இந்தப் பயம் போகாது. ஆய்வாளரிடம் அனுமதி வாங்கி, தினமும் பத்து நிமிடம் நிலையத்தின் பின்னறையில் டிரை பிராக்டிஸ், அதாவது தோட்டா இல்லாமல் சுடும் பயிற்சி, தொடங்கினேன். ரவுண்டுகளை எண்ணி வேறு அறையில் பூட்டிவிடுவேன். தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்ப்பேன். இதில் மட்டும் ஒருநாளும் அவசரம் கூடாது. எங்கள் பிஸ்டலில் மேகசின் இல்லாமல் ட்ரிக்கர் வேலை செய்யாது என்பதால் காலி மேகசினைச் செருகி, ஒவ்வொரு முறையும் பின்புறம் உள்ள சுத்தியல் போன்ற ஹேமரைக் கையால் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டும். முன் சைட் மேல் ஒரு ரூபாய் நாணயம். விரல் நுனிச் சதையால் ட்ரிக்கரை மெல்ல, நேராகப் பின்னுக்கு அழுத்த வேண்டும். நாணயம் விழக் கூடாது. முதல் வாரம் முழுக்க விழுந்தது. பார்வை சுவரில் ஒட்டிய புள்ளியில் இல்லாமல் முன் சைட்டிலேயே நிலைக்க ஒரு மாதம் ஆயிற்று. புள்ளி மங்கலாகத் தெரிந்தால் தெரியட்டும் என்று விடப் பழகியபோதுதான் கை அடங்கியது.

மறு ஆண்டு பயிற்சிக்குப் போனபோது, டம்மி ஒன்று கலந்து நிரப்பித் தரும்படி நானே கேட்டேன். ஏழாவது ரவுண்டில் 'டிக்'. முன் சைட் நின்ற இடத்திலேயே நின்றது. அட்டையில் ஒன்பது ஓட்டைகள்; எட்டு ஒரு கைப்பிடி அகலத்துக்குள் நெருங்கியிருந்தன. முதலில் சுட்டது மட்டும் பழையபடி இடது கீழ் ஓரத்தில்.

களத்தில் எனக்குக் கிடைக்கக்கூடியது அந்த முதல் ரவுண்டு ஒன்றுதான். அதனால் இப்போதெல்லாம் நாணயத்தை எடுத்து வைத்துவிட்டு, ஹோல்ஸ்டரிலிருந்து உருவி ஒரே ஒரு அழுத்தம். மறுபடி உறையில் போட்டு, மறுபடி முதலிலிருந்து.