டிரெஸ்டன் நாட்குறிப்பு: வயலின் குரங்கு

9 மார்ச் 2024, சனி

எல்பே ஆற்றங்கரையில் வாரச் சந்தை. ஒரு கடையில் கண்ணாடித் தம்ளர்களுக்கு நடுவே சாண் உயரம்கூட இல்லாத பீங்கான் குரங்கு ஒன்று, வெள்ளை விக், ஊதாக் கோட்டு, கையில் வயலின். டிரெஸ்டனுக்குப் பக்கத்து ஊரான மைசனின் பீங்கான் ஆலை செய்த குரங்கு வாத்தியக் கோஷ்டியில் ஒருவர்! அடியில் நீல நிறத்தில் குறுக்கு வாள்கள், அந்த ஆலையின் முத்திரை. பதினெட்டாம் நூற்றாண்டு என்றார் கடைக்காரர், எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். 1750-களில் ஆலையின் சிற்பி கெண்ட்லர் உருவாக்கிய இந்தக் கோஷ்டியை அதே ஆலை பின்னாளிலும் வார்த்துக்கொண்டே இருந்தது, அதனால் வாளை மட்டும் பார்த்து வயது சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, பாரிசில் 1845-ல் எட்மே சாம்சன் தொடங்கிய பட்டறை மைசன், லண்டனின் செல்சீ என்று எந்த ஆலையையும் விடாமல் நகலெடுத்துத் தள்ளியது. அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

12 மார்ச்

ஸ்விங்கர் அரண்மனை பீங்கான் காட்சியகம். கெண்ட்லர் 1731-ல் மைசனில் சேர்ந்த புதிதில் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் மன்னரின் ‘ஜப்பானிய அரண்மனை’ என்ற டிரெஸ்டன் மாளிகைக்காகச் செய்த பெரிய விலங்குகள் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். சுடும்போது பீங்கான் சுருங்கும், உருவம் பெரிதானால் பிளந்துகொள்ளும். அந்தப் பிளவுகள் இன்றும் அப்படியே தெரிகின்றன, மறைக்கவும் முடியவில்லை, மன்னர் விடவும் இல்லை. அப்புறம் வந்த சின்னப் பொம்மைகள் விருந்து மேசைக்கானவை, அதுவரை அங்கே சர்க்கரைப் பொம்மைகள்தான் நின்றன.

16 மார்ச், சனி

குரங்கு இன்னும் போகவில்லை. புரட்டிப் பார்த்தேன். கையால் கீறிய வடிவ எண், பக்கத்திலேயே அச்சில் குத்திய இன்னொரு எண். இரண்டும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிறகோதான். வாள்களின் குறுக்கே மெருகை வெட்டி ஒரு கீறல் வேறு, ஆலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியதாக இருக்கலாம். அசல் மைசன்தான், ஆனால் கடைக்காரர் சொன்ன வயதில் பாதியைக் கழித்துவிடலாம். துணிக்குள் வைத்துப் புற ஊதா டார்ச் அடித்ததும் வில் பிடித்த கையில் இரண்டு விரல் மட்டும் தனி நிறத்தில் ஒளிர்ந்தன, பழுது பார்த்துப் புதுச் சாயம் பூசிய விரல்கள். கடைக்காரரையும் பார்க்கச் சொன்னேன். அதன்பிறகு பேரம் சுருக்கமாக முடிந்தது, 220 யூரோ.

17 மார்ச்

மெல்லிய தூரிகையால் தூசி தட்டியதோடு சரி. ஒட்டுப்போட்ட பொம்மையைத் தண்ணீரில் ஊறவைத்தால் பசையும் சாயமும் விட்டுவிடும். கோஷ்டியின் புல்லாங்குழல்காரர் கண்ணில் பட்டால் எடுத்து வைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், இந்த முறை டார்ச்சை அவரே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.