போட்டோ எடிட்டிங்குக்குப் பாரிஸிலிருந்து லேப்டாப் வரவழைத்த அனுபவம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறி, எடிட்டிங் மேசைக்கு அடியில் இருந்த கணினியை முழுவதுமாக மூழ்கடித்துவிட்டது. ஹார்ட் டிஸ்குகளை மட்டும் பரணில் வைத்திருந்தேன். அதனால் நான் படமெடுத்த கார்த்திகை மாதக் கல்யாணங்கள் நான்கும் பிழைத்தன. அந்த நான்கு வீட்டாருக்கும் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

ஆல்பங்களுக்குக் கெடு இருந்தது. தம்பியின் லேப்டாப்பை வாங்கி அதிலேயே வேலையை முடித்தேன். பிரிண்ட் வந்த அன்றுதான் தப்பு புரிந்தது. பெண்ணின் அம்மா ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நாங்கள் காஞ்சிபுரம் போய்த் தேடித் தேடி எடுத்தது அரக்கு, தம்பி. இது என்ன தக்காளிச் சிவப்பு?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வருத்தமாகக் கேட்டார். முகூர்த்தப் புடவையின் நிறத்தைத் தப்பாகக் கொடுத்தால் அந்தக் குடும்பத்தின் நினைவையே தப்பாகக் கொடுத்ததாகத்தான் அர்த்தம். என் செலவில் முழு ஆல்பத்தையும் மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

தவறு திரையில் இருந்தது. அந்த லேப்டாப்பின் திரை 45 சதவீத என்டிஎஸ்சி வகை. ஒரு திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவுகோல் அது. விலை குறைந்த அலுவலக லேப்டாப்புகளில் பரவலாக வருவது இந்தத் திரைதான். இணையத்துக்கும் பிரிண்ட் லேபுக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி என்ற நிறத் தொகுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் இது காட்டும். அடர்ந்த சிவப்பு அதில் சோர்ந்து தெரியும். சோர்ந்து தெரிகிறதே என்று நாம் நிறத்தை ஏற்றுவோம். கோப்பில் அது ஏறிவிடும், நம் கண்ணுக்கு மட்டும் ஏறியது தெரியாது. பிரிண்டில் வந்து விழும். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று நம் ஊர்க் கல்யாணத்தில் இருக்கும் நிறங்கள் எல்லாமே அந்தத் திரை தடுமாறும் இடத்தில்தான் இருக்கின்றன.

இனி மேசைக் கணினி வேண்டாம், தண்ணீர் வந்தால் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடக்கூடிய ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன். கேமிங் லேப்டாப்புகளைப் பார்த்தேன். சிலவற்றில் திரை நன்றாகவே இருக்கிறது, கிராபிக்ஸ் சிப்பும் வலுவானது. ஆனால் அதன் எடையையும் செங்கல் போன்ற சார்ஜரையும் தோளில் போட்டுக்கொண்டு வில்லியனூர், கடலூர், விழுப்புரம் என்று பைக்கில் அலைய என்னால் முடியாது. அலுவலக வகை லேப்டாப்புகள் என்னை ஈர்த்ததற்குக் காரணம், அவற்றைப் பழுது பார்க்க முடியும் என்பதுதான். லெனோவோவின் திங்க்பேடுக்குப் பாகம் பாகமாகக் கழற்றி மாட்டும் கையேட்டை நிறுவனமே இலவசமாக வெளியிடுகிறது. உப்புக் காற்று வீசும் ஊரில் ஐந்தாறு வருடம் ஓட்ட நினைப்பவனுக்கு அது பெரிய விஷயம்.

அடுத்தது ரேம். 12×36 அங்குல ஆல்பத் தாள் ஒன்றை 300 டிபிஐயில் திறந்தால் 10,800×3,600 பிக்சல். ஒரு லேயருக்கே கிட்டத்தட்ட 117 எம்பி. இருபது லேயர் போட்டால் 2 ஜிபியைத் தாண்டிவிடும். 16 ஜிபி ரேமில் லைட்ரூமையும் போட்டோஷாப்பையும் ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்ய முயன்றவர்களுக்கு அந்த மூச்சுத்திணறல் தெரியும். எனக்கு 32 ஜிபி வேண்டும். இப்போது பல மெல்லிய லேப்டாப்புகளில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்டவே முடியாது. திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறை இன்டெல் மாடலில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட் இருக்கிறது. கருவிகளைக் கழற்றிப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் தளம் பழுது பார்க்கும் எளிமைக்காக அதற்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்திருந்தது. மனம் அதில் நின்றது.

ஒரு பென் டிரைவில் அந்த அரக்குப் புடவைப் படத்தையும், கையில் லேப் சரியாகப் போட்டுக் கொடுத்த 8×12 பிரிண்டையும் எடுத்துக்கொண்டு நகரில் இருக்கும் கடைகளில் ஏறி இறங்கினேன். பிரிண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பதுதான் என் சோதனை. எந்தக் கடையிலும் மறுக்கவில்லை, ஆனால் எந்தத் திரையும் தேறவில்லை. ஒரே மாடல் பெயரில் 45 சதவீதத் திரையும் வருகிறது, 100 சதவீத எஸ்ஆர்ஜிபி திரையும் வருகிறது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பிராசஸரின் பெயர் மட்டும். உள்ளே எந்தத் திரை என்று விற்பவருக்கே தெரியவில்லை. ஒருவர் மட்டும் விசாரித்துச் சொன்னார்: நல்ல திரை கொண்டதைத் தனியாக ஆர்டர் போட வேண்டும், ஆறிலிருந்து எட்டு வாரம், ஜிஎஸ்டி உட்பட 1,42,000 ரூபாய்.

அந்த வாரம்தான் அத்தை பாரிஸுக்குக் கிளம்புவதாகச் சொன்னார். அத்தை மகளை ஒரு சொல்தாவின், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின், மகனுக்குக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, பாரிஸின் வடபுறநகரில் வீடு. அத்தைக்கு இந்தியப் பாஸ்போர்ட், குறுகிய கால விசா. இந்த வேறுபாடு விலையில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிரான்ஸில் விலையோடு 20 சதவீத வரி சேர்ந்தே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் ஒருவர் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கி, வாங்கிய மாதத்துக்கு அடுத்த மூன்றாம் மாத முடிவுக்குள் பொருளைத் தம்மோடு வெளியே கொண்டுபோனால் அந்த வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். டெடாக்ஸ் என்கிறார்கள். அங்கேயே வசிக்கும் மாப்பிள்ளை வாங்கினால் கிடைக்காது, அத்தை வாங்கினால் கிடைக்கும். ஆனால் டெடாக்ஸ் படிவம் கொடுக்க வேண்டும் என்று கடைக்காரருக்குக் கட்டாயமில்லை. முதல் இரண்டு கடைகளில் மறுத்துவிட்டார்கள். மூன்றாவது கடையில், பாஸ்போர்ட்டோடு அம்மா நேரில் வந்தால் தருகிறோம் என்றார்கள். நான் இங்கேயே அத்தையின் பெயரில் ஃபாரெக்ஸ் அட்டை எடுத்துப் பணம் ஏற்றிக் கொடுத்திருந்தேன். பில், படிவம், அட்டை மூன்றும் ஒரே பெயரில் இருந்தது பெரிய நிம்மதி.

அத்தை கிளம்பும்போது அந்த 8×12 பிரிண்டை அட்டைக்கு நடுவில் வைத்து அவர் பெட்டியில் கொடுத்துவிட்டேன். பிப்ரவரி கடைசியில் மாப்பிள்ளை அதைக் கடைக்கு எடுத்துப் போனார். வீடியோ அழைப்பில் நிறம் பார்ப்பது வீண், என் கைப்பேசித் திரை ஒன்று காட்டும், அவருடையது ஒன்று காட்டும். ஆகவே, “படத்தைத் திறந்து பிரிண்டைப் பக்கத்தில் பிடியுங்கள் மாப்பிள்ளை, புடவை மட்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள்” என்றேன். முதலில் எடுத்துக் காட்டிய பெட்டியில் ஒத்துப்போகவில்லை. அடிப்பக்கம் இருக்கும் பத்து எழுத்து மாடல் குறியைப் படிக்கச் சொன்னேன். பிரான்ஸ் சந்தைக்கானது என்பதால் எஃப்ஆர் என்று முடியும் குறி அது. நிறுவனத்தின் விவரப் பட்டியலில் தேடினால் 45 சதவீதத் திரை. அதே மாடலில் வேறு குறி கொண்ட இன்னொன்றைக் கேட்டு வாங்கச் சொன்னேன். 1920×1200 பிக்சல், 400 நிட்ஸ் வெளிச்சம், 100 சதவீத எஸ்ஆர்ஜிபி. அதைத் திறந்ததும் மாப்பிள்ளை, “இது பட்டு மாதிரியே இருக்கிறது” என்றார். அவர் போட்டோகிராபர் இல்லை. அவர் கண்ணுக்கே தெரிந்தது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

விலை 1,440 யூரோ, 16 ஜிபி ரேமோடு. அன்றைக்கு யூரோ 91 ரூபாய் அளவில் இருந்தது, அதாவது சுமார் 1,31,000 ரூபாய். வரி மட்டும் 240 யூரோ. முழுதும் திரும்பாது, இடைத்தரகு நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். விமான நிலையத்தில் பெட்டியைப் போடுவதற்கு முன்பே பாப்லோ என்ற இயந்திரத்தில் படிவத்தின் பார்கோடைக் காட்ட வேண்டும். பச்சைத் திரை வந்தால் சரி. மாப்பிள்ளை கூடவே நின்று செய்து கொடுத்தார். பக்கத்துக் கவுண்டரில் அத்தை கையில் 170 யூரோ ரொக்கம் கொடுத்தார்கள். கழித்துப் பார்த்தால் எனக்கு அடக்கம் 1,15,500 ரூபாய் சொச்சம்.

இந்தப் பக்கம் சுங்கம். அத்தைக்கு இதுதான் பயம், இரண்டு நாள் தூங்கவில்லை என்று பிறகு சொன்னார். 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். அது அப்போதிருந்த 50,000 ரூபாய் பொது வரம்பில் சேராத தனிச் சலுகை. ஒன்று என்பது ஒன்றுதான். அத்தை மகள் தன் பழைய லேப்டாப்பையும் இங்கே ஒரு உறவுக்காரப் பையனுக்குக் கொடுத்தனுப்ப நினைத்தபோது நான் கெஞ்சி நிறுத்தினேன். லேப்டாப்பைக் கைப்பையில் வைக்கச் சொன்னேன். லித்தியம் பேட்டரி உள்ள பொருள் கைப்பையில் இருப்பதே நல்லது என்பது ஒன்று, எறிந்து இறக்குவார்கள் என்பது இன்னொன்று. மார்ச் நடுவில் சென்னையில் இறங்கினார். ஓர் அதிகாரி, “லேப்டாப் ஒன்றுதானா அம்மா?” என்று கேட்டு, பில்லைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்.

பெட்டியைத் திறந்தபோதுதான் நான் போதுமான அளவு யோசிக்காத ஒன்று எதிரே நின்றது. விசைப்பலகை பிரெஞ்சு முறை, அசெர்ட்டி. ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ, இஸட் இடத்தில் டபிள்யூ, எம் போய் எல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும். போட்டோஷாப்பில் பிரஷ்ஷைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் நாம் நிமிடத்துக்குப் பத்து முறை தொடும் சதுர அடைப்புக்குறிகள் ஆல்ட்ஜிஆர் விசையோடு சேர்த்து அழுத்தினால்தான் வருகின்றன. விண்டோஸில் ஆங்கில அமைப்புக்கு மாற்றினேன். அடைப்புக்குறிகள் பி விசைக்கு வலப்புறம் பழைய இடத்துக்கே வந்துவிட்டன, எழுத்துகளும் என் விரலுக்குப் பழகிய இடத்துக்கு வந்தன. மேலே அச்சிட்டிருப்பது மட்டும் வேறு. விரலைப் பார்க்காமல் தட்டுபவருக்குச் சிக்கல் இல்லை. என் உதவியாளர் பார்த்துத் தட்டுகிறவர், அவருக்காக எழுத்து ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினேன்.

அமைப்பை மாற்றியும் தீராத ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுப் பலகையில் இடப்பக்க ஷிஃப்ட் குட்டையானது, அதன் வலப்பக்கம் கூடுதலாக ஒரு விசை. நேர்க்கோடு இழுக்க ஷிஃப்டைத் தேடும் சுண்டுவிரல் முதல் மாதம் முழுக்க அந்தக் கூடுதல் விசையில்தான் விழுந்தது. இப்போது பழகிவிட்டது. பிரிண்ட் கொடுத்தனுப்பிய நான் விசைப்பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், அதில் கவலை இல்லை. ஆனால் பிரெஞ்சு உருண்டைப் பிளக் நம் சாக்கெட்டில் நுழைந்துவிடும், எர்த் மட்டும் சேராது. உலோக உறை போட்ட ஹார்ட் டிஸ்கை இணைத்துத் தொட்டபோது விரலில் சுருக்கென்றது. சார்ஜரின் துளை மூன்று இதழ் வடிவம். அதற்குப் பொருந்தும் நம் ஊர் மூன்று முனை வயரை எலெக்ட்ரானிக் கடையில் வாங்கி மாட்டினேன், சுருக்கென்பது நின்றது. அடாப்டர் முனை போட்டுச் சமாளிக்காதீர்கள், எர்த் சேரும் வயரையே வாங்குங்கள்.

இன்னொரு 16 ஜிபி ரேம் சென்னை ரிச்சி தெருவில் நாலாயிரம் ரூபாய் அளவில் கிடைத்தது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் தன் கலரிமீட்டரைக் கொடுத்தார். திரை வெளிச்சத்தை 120 கேண்டெலாவுக்கு இறக்கி அளவிட்டேன். கண்ணுக்கு முதலில் மங்கலாகத் தோன்றும், ஆனால் முழு வெளிச்சத்தில் எடிட் செய்தால் பிரிண்ட் கறுத்துத்தான் வரும். தனி கிராபிக்ஸ் சிப் இல்லாததால் படத்தில் விழும் புள்ளிகளை நீக்கும் லைட்ரூமின் ஏஐ டீநாய்ஸ் ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் எடுக்கிறது. மங்கிய மண்டப வெளிச்சத்தில் எடுத்தவற்றில் தேவையான நாற்பது ஐம்பதை மட்டும் பொறுக்கி இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகிறேன். தினமும் நூற்றுக்கணக்கில் அதைச் செய்பவர்களுக்கு இந்த மாடலை நான் சொல்ல மாட்டேன்.

உத்தரவாதம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். திங்க்பேட் வரிசைக்குப் பன்னாட்டு உத்தரவாதம் உண்டு. ஆனால் வாங்கிய நாட்டில் சேவை எந்த வடிவில் கிடைக்குமோ அதே வடிவில் இங்கே கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. பிரெஞ்சுச் சட்டம் விற்றவர்மேல் சுமத்தும் இரண்டு வருடப் பொறுப்பை இங்கிருந்து கேட்டு வாங்குவது நடக்கிற காரியமில்லை.

போன வாரம் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் தமக்கும் இப்படி ஒன்று வரவழைக்க முடியுமா என்று கேட்டார். உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா என்று முதலில் கேட்டேன். எனக்குப் பதிவு இல்லை, ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள்தான். அவருக்கு இருக்கிறது. இங்கே சொன்ன 1,42,000 ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் 21,600 ரூபாய்க்கு மேல். தொழிலுக்கு வாங்கியது என்று கணக்கில் காட்டினால் அது அவருக்கு உள்ளீட்டு வரியாகக் கழிந்துவிடும், அடக்கம் 1,20,000 சொச்சம்தான். எனக்கு ஆனதைவிட ஐயாயிரம் கூடுதல். அதற்கு நம் ஊர் விசைப்பலகை, நம் ஊர் உத்தரவாதம், அவர் பெயரிலேயே பில். மாடல் குறியை எழுதிக் கொடுத்து, எட்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை, இங்கேயே ஆர்டர் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.